கிரஹாம் கவுண்டியின் மறைந்த ஊர்களும் மூடப்பட்ட அஞ்சலகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் மூடப்பட்டுவிட்ட அஞ்சலகங்களின் முத்திரை பதிந்த பழைய உறைகளைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். அவற்றை எடுத்துக் காட்டும்போதும், அந்தப் புல்வெளிப் பகுதிக்கு நண்பர்களை அழைத்துச் செல்லும்போதும் ஒரே ஐயங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து, கிரஹாம் கவுண்டி என்ற ஒரே இடத்தை முதன்மையாகக் கொண்டு விடை எழுதியிருக்கிறேன். அங்கே நடந்தவை கான்சஸிலும் நெப்ராஸ்காவிலும் டகோட்டாக்களிலும் சிறு மாற்றங்களுடன் நூற்றுக்கணக்கான இடங்களில் நடந்தவைதாம்.

கவுண்டி என்றால் மாவட்டமா, தாலுகாவா? கிரஹாம் கவுண்டி எங்கே இருக்கிறது?

இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். நிலப் பதிவு, வரி, நீதிமன்றம், ஷெரீப் ஆகிய எல்லாம் கவுண்டியின் தலைமை ஊரில்தான் நடக்கும். ஆகவே தலைமை ஊர் எது என்பது அங்கே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. கான்சஸில் 105 கவுண்டிகள் உள்ளன. மாநிலத்தின் வடமேற்கில், சாலமன் ஆற்றின் தென்கிளை குறுக்கே ஓடும் நிலத்தில், பக்கத்துக்கு ஏறத்தாழ 30 மைல் கொண்ட சதுரமாக அமைந்தது கிரஹாம் கவுண்டி. உள்நாட்டுப் போரில் 1863இல் சிக்கமாகா களத்தில் மாண்ட ஜான் கிரஹாம் என்ற படைத்தலைவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1880இல் அது முறையான நிர்வாகம் பெற்றது.

1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 8,700 பேர் இருந்தனர். 2020இல் 2,415 பேர். நகராட்சித் தகுதியுடன் இன்று எஞ்சியிருப்பவை ஹில் சிட்டி, போக், மார்லண்ட் என்னும் மூன்றுதான்.

காணாமல் போன ஊர் என்றால் இடிந்த வீடுகள், ஆளில்லாத தெருக்கள் எல்லாம் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. புல்வெளியில் மரம் அரிது. மரப்பலகை தொலைவிலிருந்து வண்டியில் வர வேண்டிய பொருள். எனவே ஊர் கலைந்தபோது மக்கள் வீடுகளை விட்டுவிட்டுப் போகவில்லை, வீடுகளையே கொண்டுபோனார்கள். கட்டடத்தை அடித்தளத்திலிருந்து தூக்கி, உருளைகளின் மேலோ சக்கரங்களின் மேலோ ஏற்றி, குதிரைகளைப் பூட்டிப் புதிய ஊருக்கு இழுத்துச் செல்வது அக்காலத்தில் வழக்கமான வேலை. இழுக்க முடியாதவற்றைப் பலகை பலகையாகப் பிரித்து எடுத்தனர். மண்ணைக் குடைந்து அமைத்த வீடுகளும் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் எழுப்பிய வீடுகளும் சில மழைக்காலங்களில் நிலத்தோடு நிலமாகிவிட்டன.

ஆகவே அங்கே போய் நின்றால் கோதுமை வயலோ மேய்ச்சல் நிலமோதான் கண்ணில் படும். தானாக வளர்ந்திருக்க வழியில்லாத ஒரு லைலாக் புதர், கிணற்றின் பள்ளம், சாலையோரத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் ஆகியவைதாம் பெரும்பாலும் எஞ்சும் அடையாளங்கள்.

அஞ்சலகம் இருந்திருக்கிறது என்றால் அது ஊர்தானே?

இல்லை. என்னிடம் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஓர் எண்ணத்திலிருந்துதான் தோன்றுகின்றன. 1862ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் வழங்கியது. ஆனால் அந்த நிலத்திலேயே வீடு கட்டி ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிட வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. அதனால் வீடுகள் ஓரிடத்தில் கூடித் தெருவாகும் வாய்ப்பே குறைவு. அரை மைலுக்கு ஒன்றாகச் சிதறியே நின்றன. அப்படிச் சிதறிய முப்பது நாற்பது குடும்பங்களுக்குக் கடிதம் வந்து சேர ஓர் இடம் வேண்டும். யாரோ ஒரு விவசாயியின் வீட்டு முன்னறையில் அறைகள் தடுத்த ஒரு மரப்பெட்டி வைக்கப்பட்டது, அதுவே அஞ்சலகம்.

அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருந்தது, அது அரசின் அஞ்சல் பட்டியலில் அச்சாயிற்று, வரைபடத்தில் ஒரு புள்ளியும் இடப்பட்டது. ஆனால் தெருவோ கடையோ மனைப்பிரிவோ இல்லை. வரைபடத்திலிருந்து இத்தகைய பெயர் மறைந்தால் ஊர் அழிந்தது என்று பொருளில்லை. மரப்பெட்டி ஒரு வீட்டிலிருந்து நீங்கியது, அவ்வளவே. உண்மையிலேயே மனை பிரித்து, கடைகள் கட்டி, செய்தித்தாள் நடத்தி, பிறகு கலைந்த ஊர்கள் வேறு வகை. இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு எண்ணிக்கை சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அஞ்சலகம் வைக்க யார் அனுமதி கொடுத்தார்கள்? அந்த விவசாயிக்குச் சம்பளம் உண்டா?

அக்கம்பக்கத்தார் சேர்ந்து வாஷிங்டனில் உள்ள அஞ்சல் துறைக்கு விண்ணப்பிப்பார்கள். துறை ஒரு படிவத்தை அனுப்பும். நில அளவைப்படி எந்தப் பிரிவில் அமையப் போகிறது, அருகிலுள்ள ஆறு எது, ஒவ்வொரு திசையிலும் அடுத்த அஞ்சலகம் எத்தனை மைல், எத்தனை பேர் பயன்பெறுவர் என்பன போன்ற கேள்விகள் அதில் இருக்கும். கையால் வரைந்த ஒரு படமும் கேட்கப்படும். அனுமதி கிடைத்ததும் கடிதப் பையைக் கொண்டுவரும் வேலை தனியாருக்கு ஒப்பந்தமாக விடப்படும். விரைவு, உறுதி, பாதுகாப்பு என்ற மூன்று சொற்களைத் திரும்பத் திரும்ப எழுத அலுத்த எழுத்தர்கள் அவற்றுக்குப் பதிலாக மூன்று நட்சத்திரக் குறிகளை இட்டதால், அந்த ஒப்பந்தத் தடங்களுக்கு நட்சத்திரத் தடங்கள் என்றே பெயர் நிலைத்தது.

இத்தகைய சிற்றஞ்சலகங்கள் நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றை நடத்தியவருக்கு நிலையான சம்பளம் கிடையாது. அங்கே முத்திரை குத்தப்பட்ட அஞ்சல்தலைகளின் மதிப்பைப் பொறுத்தே வருமானம். பணத்துக்காக அதை ஏற்றவர்கள் குறைவு. கடை வைத்திருந்தவருக்குக் கடிதம் வாங்க வருபவர் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிப் போவார் என்பதே ஆதாயம். அது அரசியல் நியமனமாகவும் இருந்தது. குடியரசுத் தலைவரின் கட்சி மாறினால் பல இடங்களில் அஞ்சல் அதிகாரியும் மாறுவார். அவர் மாறினால் மரப்பெட்டி இரண்டு மைல் தள்ளி இன்னொரு வீட்டுக்குப் போகும். பெயர் மட்டும் மாறாது. ஒரே அஞ்சலகத்தை இரண்டு வரைபடங்கள் இரண்டு இடங்களில் காட்டினால் இரண்டுமே சரியாக இருக்கக்கூடும்.

மில்புரூக் ஊரைச் சுழற்காற்று அழித்துவிட்டது என்கிறார்கள். ஏன் திரும்பக் கட்டவில்லை?

கவுண்டி நிர்வாகம் தொடங்கியபோது, 1880இல், தற்காலிகத் தலைமை ஊராக இருந்தது மில்புரூக். கெட்டிஸ்பர்க், ஹில் சிட்டி ஆகிய ஊர்களும் அந்தத் தகுதிக்குப் போட்டியிட்டன. 1887இல் டொர்னேடோ என்னும் சுழற்காற்று மில்புரூக்கைத் தாக்கிப் பெரும்பாலான கட்டடங்களைச் சிதைத்தது. மறு ஆண்டே தலைமை ஊர் தகுதி ஹில் சிட்டிக்குப் போயிற்று.

காற்று மட்டுமே காரணம் என்று எழுதுவது எளிது. ஆனால் நான் அதை ஏற்கவில்லை. அக்காலத்தில் தீயிலும் காற்றிலும் அழிந்த எத்தனையோ புல்வெளி ஊர்கள் சில மாதங்களில் எழுந்து நின்றிருக்கின்றன. வீடு இழந்தவன் அதே இடத்தில் மீண்டும் பணம் போடுவதா, வேண்டாமா என்று எண்ணும் நேரத்தில், நீதிமன்றம் வேறு ஊருக்குப் போகும் என்ற நிலை இருந்தால் அவன் முடிவு தெரிந்ததே. வழக்கறிஞரும் நிலத் தரகரும் விடுதிக்காரரும் செய்தித்தாள் நடத்துபவரும் நீதிமன்றம் இருக்கும் இடத்தில்தான் பிழைக்க முடியும். காற்று வீடுகளைச் சாய்த்தது. ஊரை முடித்தது தலைமை ஊர் தகுதியின் இழப்பு. மில்புரூக்கும் கெட்டிஸ்பர்க்கும் இன்று ஊர்களாக இல்லை என்றாலும் கவுண்டியின் உட்பிரிவுகளான டவுன்ஷிப்புகள் இரண்டுக்கு அந்தப் பெயர்களே வழங்குகின்றன.

ரயில் வராவிட்டால் ஒரு ஊர் செத்துவிடுமா? நிக்கோடிமஸ் கதை அதுதானே?

நிக்கோடிமஸ் கதையை அந்த ஒரு வரியில் அடக்குவது அங்கு வந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அடிமை முறை ஒழிந்து பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த 1877இல், டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையரும் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பின மதகுருவும் வேறு சிலரும் சேர்ந்து அந்த ஊருக்குத் திட்டமிட்டனர். கென்டக்கி மாநிலத்திலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வந்தன. செப்டம்பரில் வந்த குழுவில் மட்டும் ஏறத்தாழ முந்நூறு பேர். எல்லிஸ் என்ற ஊர் வரை ரயிலில் வந்தனர். அங்கிருந்து முப்பது மைலுக்கும் மேல் புல்வெளியில் நடந்து வந்தனர். 1878இல் வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி, இதோ நிக்கோடிமஸ் என்று கணவர் காட்டிய திசையில் வீடுகளைத் தேடியதையும், நிலத்துக்குள்ளிருந்து புகை எழுவதை மட்டும் கண்டதையும், மக்கள் நிலவறைகளில் வாழ்கிறார்கள் என்று அறிந்து அழுததையும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

வந்த ஆண்டே, 1877 செப்டம்பரிலேயே, அங்கே அஞ்சலகம் ஏற்பட்டது. முதல் அஞ்சல் அதிகாரி சக்கரி ஃபிளெட்சர். அவர் மனைவி ஜென்னி, டபிள்யூ. எச். ஸ்மித்தின் மகள், அவ்வூரின் முதல் பள்ளி ஆசிரியை. அஞ்சல் பணியிலும் அவர் பெயர் சொல்லப்படுகிறது. எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகம் தன் பெயரில் கடிதம் பெறும் இடத்தைத் தானே நடத்தியது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் சேகரிப்பில் உள்ள காகிதங்கள் எனக்கு வேறு எடை பெறுகின்றன. அவ்வூரில் குடியேறிய எட்வர்ட் மெக்கேப் என்பவர் 1882இல் கான்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1880களின் நடுவில் அங்கே தேவாலயங்கள், விடுதி, கடைகள், இரண்டு செய்தித்தாள்கள் எல்லாம் இருந்தன.

பிறகு ரயில் கேள்வி வந்தது. மிசௌரி பசிபிக் நிறுவனத்தின் பாதையை ஈர்ப்பதற்காக 1887இல் மக்கள் 16,000 டாலர் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் அளித்து வாக்களித்தனர். அந்தப் பாதை வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே பாதை அமைத்தது. அங்கே போக் என்ற ஊர் தோன்றியது. நிக்கோடிமஸ் வணிகர்களில் பலர் ஆற்றைக் கடந்து அங்கே போய்விட்டனர். தானியத்தை வண்டியில் ஏற்றிச் செல்லும் விவசாயி எங்கே ரயிலில் ஏற்றுகிறானோ அங்கேயே பொருளும் வாங்குவான் என்பதால் கடைக்காரருக்கு வேறு வழி இருக்கவில்லை.

அப்படியானால் நிக்கோடிமஸும் மறைந்த ஊர்களின் பட்டியலில் வருமா?

வராது. பட்டியல்களில் அதைக் காணும்போது நான் எழுதித் திருத்தக் கேட்பதுண்டு. ரயில் விலகியதால் வணிகம் போயிற்று. நிலம் வைத்திருந்த விவசாயக் குடும்பங்கள் போகவில்லை. ரயில் விலகிய பிறகு அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1953இல்தான் அஞ்சலகம் இறுதியாக மூடப்பட்டது. இன்றும் அங்கே சிலர் வாழ்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இறுதியில் விடுதலை நினைவு விழாவுக்காக நாடெங்கும் பரவிய வழித்தோன்றல்கள் ஊருக்குத் திரும்பி வருகிறார்கள். 1996இல் அது தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டு, தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

அஞ்சலகம் இருந்தால் ஊர் என்று முடிவுகட்டக் கூடாது என்று முன்னர்ச் சொன்னேன். அஞ்சலகம் இல்லாவிட்டால் ஊர் இல்லை என்பதும் அதே அளவு தவறு.

இவ்வளவு அஞ்சலகங்கள் ஏன் ஏறக்குறைய ஒரே காலத்தில் மூடப்பட்டன?

கிராமப்புறங்களில் வீடு தேடி இலவசமாகக் கடிதம் கொண்டுசெல்லும் திட்டம் காரணம். அது 1896 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவில் சோதனையாகத் தொடங்கி 1902இல் நிரந்தரமாயிற்று. ஏறத்தாழ 25 மைல் சுற்றும் ஒரு தடத்தில் ஒரே ஆள் வண்டியில் போய், சாலையோரப் பெட்டிகளில் கடிதங்களைப் போட்டுவிடுவார். அந்தத் தடத்துக்குள் அகப்பட்ட சிற்றஞ்சலகங்களுக்கு அதன் பின் வேலை இல்லை. 1901இல் அமெரிக்கா முழுவதும் 76,945 அஞ்சலகங்கள் இருந்தன, அதுவே உச்சம். 1920இல் அவை 52,641 ஆகக் குறைந்தன.

1913இல் பொட்டல அஞ்சலும் வந்தது. பட்டியல் புத்தகத்தைப் பார்த்து வரவழைத்த துணியும் கருவியும் வீட்டு வாசலுக்கே வந்ததால், அஞ்சலகத்தை இழந்திருந்த மூலைக்கடைகள் அதற்குப் பிறகு விற்பனையையும் இழந்தன.

மக்கள் போனதால் அஞ்சலகம் மூடியதா, அஞ்சலகம் மூடியதால் மக்கள் போனார்களா?

ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டுமே இல்லை என்று தெரியும். நாடு முழுவதும் அஞ்சலகங்கள் குறையத் தொடங்கியது 1901க்குப் பிறகு. கிரஹாம் கவுண்டியின் மக்கள்தொகை உச்சத்தைத் தொட்டதோ 1910இல். 1900க்கும் 1910க்கும் இடையே அங்கே மக்கள் கூடினார்கள். மரப்பெட்டி நீங்கிய வீடுகளைச் சுற்றி அப்போது முன்னைவிட அதிகக் குடும்பங்கள் உழுதுகொண்டிருந்தன.

மக்கள் வெளியேறியது வேறு காலம், வேறு காரணம். 1930களின் வறட்சியும் புழுதிப் புயல்களும் விலைவீழ்ச்சியும் சேர்ந்து 1930இல் 7,772 ஆக இருந்த மக்கள்தொகையை 1940இல் 6,071 ஆக்கின. அதன் பின் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஒரு குடும்பம் பல ஆயிரம் ஏக்கர் பயிரிட வழிசெய்தன. நான்கு குடும்பங்கள் வாழ்ந்த ஒரு சதுர மைலில் ஒருவர்கூட வாழத் தேவையில்லை என்ற நிலை ஏற்பட்டது.

ஒரே ஊருக்கு ஏன் இரண்டு மூன்று பெயர்கள்?

ஒரு மாநிலத்துக்குள் ஒரே பெயரில் இரண்டு அஞ்சலகங்கள் இருக்கலாகாது என்பது அஞ்சல் துறையின் விதி. ஊரார் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க, அது ஏற்கெனவே வேறோர் இடத்துக்கு வழங்குவதால் வாஷிங்டன் மறுக்க, அஞ்சலுக்கென வேறு பெயர் சூட்டப்படும். ரயில் நிறுவனம் தன் நிலையத்துக்கு மூன்றாவதாக ஒன்றை வைக்கும். இன்றைய மார்லண்ட் முதலில் ஃப்ரீமான்ட் என்றே அறியப்பட்டது. எனவே பட்டியலில் ஒரு பெயர் முடிவுறும் தேதியைக் கண்டதும் ஊர் முடிந்தது என எழுதிவிடாமல், அதே வாரத்தில் அதே பகுதியில் புதிய பெயர் எதுவும் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய கடிதத்தில் இருக்கும் ஊரின் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கான்சஸ் மாநில வரலாற்றுக் கழகத்தின் அஞ்சலகப் பட்டியலில் பெயரைத் தேடி, எந்தக் கவுண்டி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று முதலில் அறியுங்கள். பிறகு தேசிய ஆவணக் காப்பகத்தின் இரண்டு தொகுதிகளுக்குச் செல்ல வேண்டும். ஒன்று, 1832 முதல் 1971 வரையிலான அஞ்சல் அதிகாரிகளின் நியமனப் பதிவேடு. மூடப்பட்ட பின் கடிதங்கள் எந்த அஞ்சலகத்துக்கு மாற்றப்பட்டன என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். மற்றொன்று, மேலே சொன்ன அதே படிவங்கள். 1837 முதல் 1950 வரையிலானவை கவுண்டிவாரியாக அடுக்கப்பட்டுள்ளன. கையால் வரைந்த அந்தப் படங்களில் ஒரு சிறு கட்டத்துக்குள் இடப்பட்ட புள்ளியைக் காண்பது என் அனுபவத்தில் மிகுந்த மகிழ்ச்சி தருவது.

ஓர் எச்சரிக்கை. குடும்ப ஆவணத்தில் மில்புரூக் என்று இருந்தால் உங்கள் முன்னோர் மில்புரூக்கில் வாழ்ந்தார் என்று கொள்ளாதீர்கள். அவர் கடிதம் வாங்கிய இடம் அது. அவர் நிலம் எட்டு மைல் தள்ளி இருந்திருக்கலாம். உறுதிசெய்யக் கூட்டாட்சி அரசின் நிலப் பட்டா ஆவணங்களைப் பார்க்க வேண்டும்.

வெறும் முத்திரையிலிருந்து ஒரு இடத்தைப் பற்றி என்ன தெரிந்துவிடப் போகிறது?

தேதியும் பெயரும் மட்டும் அல்ல. 1903 முதல் சில ஆண்டுகள் சிற்றஞ்சலகங்களுக்கு வழங்கப்பட்ட ஒரு வகை முத்திரையில், அஞ்சல்தலையின் மேல் விழும் கோடுகளுக்கு நடுவே ஓர் எண் இருக்கும். அது அஞ்சல் அதிகாரியின் ஆண்டு வருமானத்தைக் குறிப்பது: 1 என்றால் 100 டாலருக்குள், 2 என்றால் 200 டாலருக்குள் என்று போகும். எண் 1 பதிந்த உறை கைக்கு வந்தால், பெரும்பாலும் அது தெருவில்லாத, ஒரு வீட்டு முன்னறை அஞ்சலகம் என்று ஊகிக்கலாம்.

நேரில் போகலாமா?

போகலாம். சதுர மைல் கட்டங்களின் ஓரமாகச் செல்லும் மண் சாலைகள் பொதுவானவை; வேலிக்கு அப்பால் உள்ளது தனியார் நிலம். அனுமதி பெறாமல் வேலி தாண்ட வேண்டாம், உலோகம் தேடும் கருவியுடன் போகவே வேண்டாம். மழை பெய்த மறுநாள் அந்தச் சாலைகளில் வண்டி புதையும். நிக்கோடிமஸில் 1939இல் எழுந்த சுண்ணாம்புக்கல் டவுன்ஷிப் மண்டபத்தையும் பழைய தேவாலயங்களையும் பார்க்க ஒரு பகல் ஒதுக்குங்கள்.

ஊர் காணாமல் போகலாம். ஒரு கவுண்டியே காணாமல் போனதுண்டா?

உண்டு. கிரஹாம் கவுண்டிக்குத் தென்மேற்கே 1887இல் கார்ஃபீல்ட் கவுண்டி உருவாயிற்று. ரவானா, எமினென்ஸ் என்னும் இரண்டு ஊர்கள் தலைமைத் தகுதிக்காகக் கடுமையாக மோதின; தேர்தல் முடிவை எதிர்த்து வழக்கு நடந்தது. மில்புரூக்கைப் பற்றிச் சொன்ன அதே பிழைப்புக் கணக்குதான் அங்கும் மோதலுக்குக் காரணம். கான்சஸ் அரசமைப்புப்படி ஒரு கவுண்டிக்குக் குறைந்தது 432 சதுர மைல் பரப்பு வேண்டும். அளந்து பார்த்தபோது கார்ஃபீல்டுக்கு அது இல்லை. 1893இல் கவுண்டி கலைக்கப்பட்டு ஃபின்னி கவுண்டியுடன் இணைக்கப்பட்டது. வெல்வதற்குத் தலைமைத் தகுதியே இல்லாமல் போனதால் இரண்டு ஊர்களும் கலைந்தன. இன்றைய வரைபடத்தில் ஃபின்னி கவுண்டியின் வடகிழக்கு மூலை மட்டும் வெளியே நீண்டிருப்பதைக் காணலாம். அந்த நீட்சிதான் கார்ஃபீல்ட். அங்கே மேய்ச்சல் நிலத்தின் நடுவில் ரவானாவின் நீதிமன்றக் கட்டடத்தினுடைய சுண்ணாம்புக்கற்கள் சில இன்னும் கிடக்கின்றன.